இடப்பக்கத்துக்காரி

செவியில் இதுவரை யாரும் அழுததில்லை.

மாநிலம் முழுக்க ஒரு நாளைக்கு நாலு லட்சம் பேர் செவி என்ற அந்த அரசுக் குறைகேட்பு எண்ணைக் கூப்பிட்டார்கள். கத்தினார்கள், கெஞ்சினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆனால் அதிகாரியின் திரைக்குப் போய்ச் சேரும்போது ஒருவர்கூட அழுததாகப் பதிவில்லை. அவ்வளவு சந்தோஷமான மாநிலம்.

திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "மூணு வருசமா ரோடு போடறோம் போடறோம்னு ஏமாத்துறீங்களேடா பாவிங்களா, எம் பொண்டாட்டிக்கு வழியிலயே ஆட்டோவுல கொழந்த பொறந்துடுச்சு, ஒங்க வூட்டுப் பொம்பளைக்கி இப்பிடி ஆனா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்பார். செவி பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். பிறகு வேலையை ஆரம்பிக்கும். வசவு இருந்தால் எடு என்பது ஒரு விதி. கேள்வி இருந்தால் கோரிக்கையாக்கு என்பது இன்னொன்று. "மூணு வருசமா" என்பதற்குப் பதில் "சில காலமாக" என்று போடு. ஆட்டோவில் பிரசவம் என்றால் "குடும்ப நிகழ்வு" என்று போடு. குடும்ப நிகழ்வு அரசின் பொறுப்பல்ல, ஆகவே அதையும் எடு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வாக்கியத்தை மறுபடி முதல் விதியிலிருந்து பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் மாற்றும், மாற்றியதை மறுபடி பொருத்தும். கடைசியில் எந்த விதியும் பொருந்தாமல், இனிமேல் கழற்ற ஒன்றுமில்லை என்று ஒரு வாக்கியம் அம்மணமாக நிற்கும் பாருங்கள், அதற்குத்தான் அரசு பாஷையில் "குறை" என்று பெயர். திண்டிவனத்துக்காரரின் குறை இப்படி நின்றது: "சாலை மேம்பாட்டில் ஆர்வம்."

முன்பெல்லாம் இந்த வேலையைத் தானாக யோசிக்கும் எந்திரங்கள் செய்துகொண்டிருந்தன. அவை இஷ்டத்துக்கு யூகித்து, ஆடு காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் அனுப்பத் தொடங்கியதும் நீதிமன்றம் தடை போட்டது. இனி எந்திரம் மாற்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதி இருக்க வேண்டும், அந்த விதியை எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். அதன் பிறகு தப்பு நடப்பது குறையவில்லை. தப்புக்கு ஆள் கிடைத்தது.

அப்படிக் கிடைத்த ஆட்களில் ஒருத்தி இசக்கிப்ரியா. குடும்பத்தில் முதல் பட்டதாரி. தூத்துக்குடிக்குத் தெற்கே சங்குமேடு காலனி. அவளைச் சென்னைக்குக் கூட்டி வந்த கம்பெனி, சேர்ந்த அன்றே அவள் பெயர் மீதும் ஒரு விதியைப் போட்டுப் பார்த்தது. "இசக்கி எல்லாம் கொஞ்சம் லோக்கலா இருக்கும்மா. ப்ரியா போதுமே?" அடையாள அட்டையில் ப்ரியா ஆனாள். பதினாலு காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருடத்துக்கு விட்டுப் போகக் கூடாது என்றது ஒன்று. இன்னொன்றுக்குத் தலைப்பு "மனிதர்" என்றிருந்தது; படிக்க நேரம் தரவில்லை. "எல்லாம் ஃபார்மாலிட்டிதான், சைன் பண்ணிட்டே வாங்க."

ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பக்கம். இடப்பக்கத்தில், ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்பதன் அச்சு. வலப்பக்கத்தில், அதற்குப் பதிலாக என்ன இருக்க வேண்டும் என்பது. இடப்பக்கம் எழுத இசக்கிப்ரியா மாதிரி ஆட்கள் வேண்டும். தெருக்குழாயில் சண்டை போட்டிருக்க வேண்டும், வசவுகள் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு இடம் தரைத்தளம், கழிப்பறைக்குப் பக்கம். வலப்பக்கம் எழுத நயம் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் ஏழாம் மாடி. இடப்பக்கத்துக்காரர்கள் வலப்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. சுத்த பத்தமான ஏற்பாடு. ஊரில் பார்த்ததுதான், இங்கே லிஃப்ட் இருந்தது.

அவள் அம்மா மாரிக்கனி இறால் கம்பெனியில் உரிப்புக்காரி. இதையெல்லாம் அவளுக்கு விளக்க ஒருமுறை இசக்கிப்ரியா முயற்சி செய்தாள்.

"றாலைக் கையில எடுத்ததும் எந்தத் தட்டுன்னு ஒனக்குத் தெரியும்லாம்மா? அது மாதிரி ஒரு பேச்சக் கேட்டதும் எந்த அச்சுல விழும்னு நான் எழுதி வைக்கணும்."

"தட்டுல போட்டுட்டா போதாதாக்கும்? பொறவு எதுக்கு அதை மாத்துதிய?"

"பெரியாளுக படிக்க வசதியா இருக்கணும்லா."

மாரிக்கனி யோசித்தாள். "நாங்க தலையக் கிள்ளி, ஓட்ட உரிச்சி, குடல உருவி அனுப்புவோம். வாங்குதவனுக்கு அது கடல்ல கெடந்த உசுருன்னே தெரியாது. நீயும் அதத்தான் பண்ணுதியா? இதுக்கா ஒன்ன படிக்க வச்சேன்? இங்கயே எம் பக்கத்துல ஸ்டூல் போட்டுருப்பேனே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இசக்கிப்ரியாவுக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

என்றாலும் அவள் வேலையில் கெட்டிக்காரி. போன மாதம் அவளுக்காக ஏழாம் மாடியில் கேக் வெட்டினார்கள். நாற்றம் பற்றிய புகார்களுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள் இருந்தன. சாக்கடை நாற்றம் ஒன்று, தோல் பதனிடும் ஷாப் நாற்றம் ஒன்று, செத்த எலி ஒன்று. அவள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே விதி எழுதினாள். ஏதோ ஓர் இடம், அங்கே ஏதோ ஒரு வாடை, அதனால் உடம்பில் ஏதோ ஒரு தொந்தரவு. மூன்று "ஏதோ"க்களும் வெற்றுக் கட்டங்கள். எது வந்தாலும் பொருந்தும். வலப்பக்கத்தை ஏழாம் மாடியின் தலைவி மைதிலி மேடம் தன் கையாலேயே எழுதினார்: "துர்நாற்றம் தொடர்பான அதிருப்தி." கூப்பிட்டவருக்குச் செவி சொல்ல வேண்டிய பதிலும் அவர் எழுதியதே: "தங்கள் கருத்துக்கு நன்றி. ஜன்னல்களைத் திறந்து வைக்கவும்."

"பாத்தீங்களா," என்று மைதிலி மேடம் எல்லோருக்கும் சொன்னார், "எரநூத்திப் பன்னெண்டு போயி ஒண்ணு. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு ஃபயர் இருக்கு." இசக்கிப்ரியாவுக்கு அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. கேக் நன்றாகவே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். கம்பெனியில் டீ நேரம்.

"ஏட்டி, ஒங்க செவிக்குக் காது கேக்குமா கேக்காதா?"

"என்னம்மா ஆச்சு?"

"மூணு நாளா ஹால்ல ஒரு வாடை. மூக்குக்குள்ள ஊசி குத்துன மாதிரி. கண்ணெல்லாம் எரியுது. சூப்பர்வைசர்ட்ட கேட்டா, கேன்டீன்ல வெங்காயம் உரிக்கான்னுதான். நூறு மூடை வெங்காயமால உரிக்கான்? கம்ப்ரஸர் ரூம் பைப்பு வேற விசிலடிக்கி. நேத்து நம்ம பாக்கியம் செவிக்குப் போன் போட்டா. ஜன்னல தொறங்கன்னு சொல்லிச்சாம். தொறந்தா. அது கம்ப்ரஸர் ரூமப் பாத்த ஜன்னலு. இன்னும்லா கூட அடிக்கி."

பாக்கியம், பக்கத்து வீட்டுக்காரி. இசக்கிப்ரியா கல்லூரிக்குப் போனபோது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிவிட்டவள்.

"எம்மா, அது அமோனியா. ஐஸ் போட அதத்தான் ஓட்டுவான். நீ ஒடனே வெளிய வா."

"கேட்டு பூட்டிக் கெடக்கு, அஞ்சு மணிக்குத்தான் தொறப்பான். அப்படியே தொறந்தாலும் நா மட்டும் வந்து என்னத்துக்கு? உள்ள நூத்தி அறுவது பொம்பளைய இருக்காளுவ. நீ அங்கதான இருக்க? யார்ட்டயாவது சொல்லு."

வைத்துவிட்டாள். இசக்கிப்ரியா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். எல்லாப் பழைய எண்களும் செவிக்கே திருப்பிவிடப்பட்டிருந்தன, நிர்வாகச் சீர்திருத்தம். அவள் விஷயத்தைச் சொன்னாள். தேன் தடவிய குரல் சொன்னது: "தங்கள் கருத்துக்கு நன்றி. ஜன்னல்களைத் திறந்து வைக்கவும்."

தன் குழந்தையே தன்னை யாரென்று கேட்டது மாதிரி இருந்தது அவளுக்கு.

பாக்கியத்தின் புகாரைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். "இறால் கம்பெனியில ஒரு வாடை வருது, கண்ணு எரியுது, மூச்சு முட்டுது, யாராச்சும் வாங்கய்யா." ஒரே ஒரு மாற்றம்தான் நடந்திருந்தது. இடம், வாடை, தொந்தரவு, கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. விதி எண் 9001. இடப்பக்கம் எழுதியவர்: ப்ரியா.

அவள் தூக்கிப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டையும் தேடினாள். எழுபத்தாறாவதில் இருந்தது: தொழிற்சாலை, கண்ணெரிச்சல் இரண்டும் சேர்ந்து வந்தால், "வாயுக் கசிவு, உடனடி". நாலு வருடத்தில் மூன்றே முறை பொருந்திய விதி. உபயோகமில்லை என்று அவளே அழித்திருந்தாள்.

ஏழாம் மாடிக்குப் படியேறி ஓடினாள்.

"உட்காரும்மா, மூச்சு வாங்குது பாரு," என்றார் மைதிலி மேடம். முழுக்கக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அந்தப் பழைய ரூலைத் திரும்பப் போட்டுடலாம். வலப்பக்கம் இருக்கறதால விதிக் குழுவுக்குப் போகணும். பதினோரு வேலை நாள்."

"பதினோரு நாளா? எங்கம்மா இப்ப உள்ள இருக்காங்க மேடம்."

"புரியுதுடா. ஆனா நீயே யோசி, அவசரம்னு ஒவ்வொருத்தரும் ரூலை மாத்தினா சிஸ்டம் என்ன ஆகும்?"

"நீங்களே யாருக்காவது போன் பண்ணுங்களேன். கலெக்டர் ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல?"

"அவங்களும் செவி வழியாத்தாம்மா எடுப்பாங்க. அதானே அதோட அழகு! சிபாரிசே கிடையாது."

"அப்ப ஒரு மனுசங்ககிட்டகூட நேராப் பேசவே முடியாதா?"

"கோர்ட் ஒரு வழி வச்சிருக்கு. ஒரு புகார் ஆயிரம் தடவை மாத்தியும் அடங்கலைன்னா, அதை எழுத்து மாறாம ஒரு மனிதர்கிட்ட அனுப்பணும். அவர் போடற உத்தரவு அப்படியே நடக்கணும், அதுல எந்த ரூலும் கை வைக்கக் கூடாது." மேடம் புன்னகைத்தார். "இதுவரைக்கும் ஒண்ணுகூடப் போனதில்லை. நாமதான் அவ்ளோ அழகா எழுதியிருக்கோமே. அதிகபட்சம் ஒன்பது ஸ்டெப்ல எல்லாம் அடங்கிடும்."

இசக்கிப்ரியா எழுந்தாள். "தேங்க்ஸ் மேடம்."

"கோவமா போகாதம்மா. கோவமும் ஒரு டேட்டாதான்."

"எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு மேடம்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தரைத்தளத்துக்காரர்கள் யாரையும் கேட்காமல் எழுதக்கூடிய ஒரே இடம் "ஒத்த பேச்சு" என்ற பட்டியல். "தண்ணி வரல" என்பதும் "கொழாயில காத்துதான் வருது" என்பதும் ஒன்றே என்று சொல்லிக்கொடுக்கும் பட்டியல். இரண்டு பக்கமும் வெறும் ஜனங்கள் பேச்சு, ஆகவே அதற்குக் குழு கிடையாது. ஏழாம் மாடி எழுதிய ஒரு வாக்கியத்தை எடுத்து யாராவது இடப்பக்கத்தில் வைப்பார்கள் என்று எவருக்கும் தோன்றியதில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அங்கிருந்து எதுவும் கீழே இறங்கி வந்த வழக்கமில்லை.

இசக்கிப்ரியா எழுதினாள். "துர்நாற்றம் தொடர்பான அதிருப்தி" என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்ல வருவது: "கம்பெனியில வாடை வருது, கண்ணு எரியுது."

அவ்வளவுதான். கண்ணெரிச்சல் வந்தால் செவி அதை அதிருப்தியாக்கும். அதிருப்தி வந்தால் மறுபடி கண்ணெரிச்சலாக்கும். மாற்றியதை மறுபடி பொருத்து, பொருந்தினால் மறுபடி மாற்று. சொன்னதைச் செய்யும் பிள்ளை அது. அதன் மேல் தப்பே இல்லை.

ஒரு மணிக்கு உரிப்பு ஹாலில் சாப்பாட்டு நேரம். அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, இப்ப செவிக்குப் போன் போடு. பாக்கியக்கா சொன்னதையே சொல்லு. பதில் வர நேரமாவும், வைக்காத."

"மறுபடியும் ஜன்னல தொறன்னுதான சொல்லும்? தொறக்க இன்னும் ஒரு ஜன்னலும் இல்லட்டி."

"சொல்லாது. போடும்மா."

திரையில் எண் ஓடியது. நாற்பது. முந்நூறு. எழுநூற்றுப் பத்து. கண்ணெரிச்சல், அதிருப்தி, கண்ணெரிச்சல், அதிருப்தி. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு, அந்த மனிதர் யாராக இருப்பார் என்று நினைத்தாள். ஓய்வு பெற்ற நீதிபதி யாராவது இருக்கலாம். மத்தியானத் தூக்கத்தில் இருந்தால்? ஆயிரம்.

அவள் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தாள்.

"அலோ," என்றது அம்மாவின் குரல். பின்னால் யாரோ இருமினார்கள். "அலோ, மனுசர் யாராச்சும் இருக்கியளா?"

இசக்கிப்ரியாவுக்கு வேலையில் சேர்ந்த நாள் நினைவு வந்தது. பதினாலு காகிதம். "மனிதர்" என்று தலைப்பிட்ட ஒன்று. சட்டப்படி ஒரு மனிதரை நியமிக்க வேண்டியிருக்கிறது. இருப்பதிலேயே குறைந்த சம்பளக்காரியின் எண்ணைக் கம்பெனி எழுதிவிட்டிருக்கிறது. பதினாலு மாதமாக இந்த மாநிலத்தின் ஒரே மனிதர் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசவுகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எம்மா, நான்தான்."

"ஏட்டி, நீயா? நா மனுசர்லா கேட்டேன்!"

"நாந்தாம்மா அது."

கைப்பேசியில் ஒரு பெட்டி திறந்திருந்தது. மனிதரின் உத்தரவு. அவள் அடித்தாள்: "இறால் கம்பெனி, சங்குமேடு. அமோனியா கசிகிறது. கேட்டைத் திற. எல்லாப் பெண்களும் உடனே வெளியே. தண்ணீர் வண்டி, ஆம்புலன்ஸ் அனுப்பு." அனுப்பிவிட்டுப் பார்த்தாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. அப்படியே அதிகாரிகளின் திரைக்குப் போனது.

ஒன்று இருபதுக்கு கேட் திறந்தது. ஒன்று முப்பத்தொன்றுக்குக் குழாய் வெடித்தது. நூற்று அறுபது பேரில் நூற்று ஐம்பத்தொன்பது பேர் அப்போது ரோட்டில் நின்றார்கள். பாக்கியம் மட்டும், "நா தொறந்த ஜன்னலு, சாத்திட்டு வாரேன்" என்று திரும்பிப் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள் பாக்கியம். ஒரு கண் போய்விட்டது. மற்றதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

"இசக்கியாட்டி? ஒங்கம்மா சொன்னா, நீதான் கேட்டத் தொறந்தியாமே."

இசக்கிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தச் செவி ஜன்னல தொறக்கச் சொல்லிச்சில்லா..."

"என்ன தன்மையாப் பேசிச்சு தெரியுமா!" என்றாள் பாக்கியம். "நம்மகிட்ட யாரு அப்படிப் பேசுதா? நன்றின்னுல்லாம் சொல்லிச்சி. அதான் நம்பித் தொறந்தேன்."

"அதை அப்படிச் சொல்ல வச்ச விதிய எழுதுனது நான்தான்க்கா."

கையைப் பாக்கியம் மெல்ல உருவிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "சரி. போயி அத அழி. அழிச்சிட்டு வா, பேசுவோம்."

அழிக்க அவளுக்கு வழியில்லை. சென்னைக்குத் திரும்பியபோது வேலை போயிருந்தது. கடிதம் வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது: தங்கள் பங்களிப்புக்கு நன்றி, தங்கள் எதிர்காலம் ஒளிமயமாகட்டும். அதிலிருந்த ஒவ்வொரு சொல்லும் எந்த விதியின் வலப்பக்கம் என்று எண்ணோடு சொல்ல அவளால் முடிந்தது. அரசு அறிக்கையில் குழாய் வெடித்தது "அழுத்த மாறுபாடு" ஆகியிருந்தது. பாக்கியத்தின் கண் எந்த வரியிலும் இல்லை. ஒன்பதாயிரத்து ஒன்றை நீக்கும் கோரிக்கை குழுவுக்குப் போயிருக்கிறது. பதினோரு வேலை நாள், நடுவில் தீபாவளி. அவளுடைய ஒத்த பேச்சு வரியை நீக்குவதும் அதே குழுவில், அதே வரிசையில்.

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மடிக்கணினியை வாங்கிக்கொண்டார்கள். "மனிதர்" என்று தலைப்பிட்ட அந்த ஒரு காகிதத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. படிக்காமல் கையெழுத்து வாங்கியவர்கள், அதைப் படிக்காமலே கோப்பில் வைத்திருந்தார்கள். ஆகவே மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து யார் நாற்றம் என்று அழைத்தாலும் ஆயிரம் சுற்றுச் சுற்றி அவள் கைப்பேசிக்கு வந்தது. ஆம்பூரிலிருந்து தோல் ஷாப்காரர், கூடுவாஞ்சேரியிலிருந்து செப்டிக் டேங்கில் இறங்கச் சொல்லப்பட்டவர். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். உத்தரவு போட்டாள். உத்தரவுகள் எழுத்து மாறாமல் போயின.

எட்டாம் நாள் காலை வந்த குரல் மிகவும் நாகரிகமாக இருந்தது, லேசாக இருமியது.

"ஹலோ? எங்க அபார்ட்மெண்டுக்குப் பின்னாடி புதுசா ஒரு கோல்டு ஸ்டோரேஜ் வந்திருக்கு. காலைலேர்ந்து ஒரு மாதிரி வாடை. கண்ணெல்லாம் எரியுது. கீழ குழந்தைங்க விளையாடறாங்க. இது ரெக்கார்டிங்கா? அங்க மனுஷங்க யாராவது இருக்கீங்களா, ப்ளீஸ்?"

மைதிலி மேடம்.

இசக்கிப்ரியாவின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக நின்றது. இந்த அம்மாளே தன் கையால் எழுதிய வாக்கியம். அவ்வளவு நயமாக, அவ்வளவு தன்மையாக, ஆறே ஆறு சொல். இசக்கிப்ரியா அதை ஒரு மூச்சு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"இருக்கேன் மேடம்," என்றாள். "மொதல்ல ஜன்னல எல்லாம் சாத்துங்க. சாத்திட்டு, குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு, காத்துக்குக் குறுக்கா, அந்தக் கோல்டு ஸ்டோரேஜ விட்டுத் தள்ளி நடங்க. வண்டி அனுப்பறேன்."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. உங்க பேரு?"

"இசக்கிப்ரியா," என்றாள். முழுசாக.